கரையிறங்கிய அன்றே ரயிலேறலாமா?

அலாஸ்காவுக்குப் போய்வரும் உல்லாசக் கப்பல்களில் பல, சியாட்டிலில் புறப்பட்டு ஏழு இரவுகள் கழித்துச் சியாட்டிலுக்கே திரும்புகின்றன. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, வார இறுதிக் காலைகளில் அந்நகரின் துறைகளில் ஆயிரக்கணக்கானவர்கள் பெட்டிகளோடு இறங்குகிறார்கள். பெரும்பாலோர் நேரே விமான நிலையத்துக்குப் போய்விடுவார்கள். சிலர் மட்டும் ரயிலில் ஊர் திரும்ப நினைக்கிறார்கள். பனியாறுகளையும் கடலையும் ஒரு வாரம் நிதானமாகப் பார்த்தவர்களுக்கு, அதே நிதானத்தோடு தரைவழியே போய்ச் சேர வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். அது நல்ல ஆசை என்றே நினைக்கிறேன். அது எங்கே கெட்டுப்போகிறது என்று பார்க்க வேண்டியிருப்பதும் அதனால்தான்.

கப்பல் விடியுமுன்பே துறைக்கு வந்துவிடுகிறது. அன்றைக்கே கிளம்பும் நெடுந்தூர ரயிலைப் பிடிக்கலாமா? இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. "நேரம் தாராளமாக இருக்கிறது, பயப்படாதீர்கள்" என்பது ஒன்று. "ஒருநாள் தங்கிவிட்டுப் போங்கள், எதற்கு வம்பு" என்பது மற்றொன்று. முதலாவதைச் சொல்கிறவர் கடிகாரத்தை மட்டும் பார்க்கிறார். இரண்டாவதைச் சொல்கிறவர் கடிகாரத்தைப் பார்க்கவே மறுக்கிறார். சியாட்டிலிலிருந்து கிளம்பும் இரண்டு நெடுந்தூர ரயில்களுக்கும் சேர்த்து ஒரே பதிலைச் சொல்லிவிடலாம் என்று இருவருமே நம்புவதுதான் பிழை. ஒன்றுக்கு என் தீர்ப்பு "வேண்டாம்" என்பது. மற்றதற்குத் தாராளமாக, அறை எடுக்கும் செலவுகூட இல்லாமல், அன்றே ஏறுங்கள் என்பது.

அந்த ரயில்கள் எவை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சியாட்டிலின் கிங் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து அமெரிக்கப் பயணி ரயில் கம்பெனியான ஆம்ட்ராக் நாளுக்கு ஒன்றாக அனுப்பும் கோஸ்ட் ஸ்டார்லைட், போர்ட்லாந்து, சாக்ரமெண்டோ, ஓக்லாந்து வழியாக லாஸ் ஏஞ்சல்ஸ் போகிறது. ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர், சுமார் 35 மணி நேரம். அண்மை ஆண்டுகளின் அட்டவணையில் அது காலை 9.50 வாக்கில் புறப்படுகிறது. எம்பயர் பில்டரும் நாளுக்கு ஒன்றுதான். காஸ்கேட் மலைகளைத் தாண்டி, ஸ்போகேன், க்ளேசியர் தேசியப் பூங்கா, செயின்ட் பால் வழியாகச் சிகாகோவுக்கு 3,550 கிலோமீட்டர். ரயிலில் இரண்டு இரவுகள். அது கிளம்புவது மாலை 5 மணியை ஒட்டி. ஒரே நிலையம், ஒரே கம்பெனி, ஏழு மணி நேர வித்தியாசம். முழு வழக்கும் இந்த ஏழு மணி நேரத்தில் அடங்கியிருக்கிறது.

கப்பலின் பக்கம் முதலில். கப்பல் நேரத்துக்கு வருமா என்பதுதான் பலருடைய முதல் பயம். என் கணிப்பில் அது மிகச் சிறிய பயம். அதற்குக் காரணம் ஒரு பழைய சட்டம். அமெரிக்கத் துறைகளுக்கு இடையே பயணிகளை ஏற்றிச் செல்வதை 1886ஆம் ஆண்டின் சட்டம் அந்நியக் கொடி பறக்கும் கப்பல்களுக்குத் தடுத்திருக்கிறது. பெரிய உல்லாசக் கப்பல்கள் ஏறத்தாழ எல்லாமே பஹாமாஸ், பனாமா, நெதர்லாந்து என்று வேறு கொடியின் கீழ் ஓடுகின்றவை. எனவே சியாட்டிலில் கிளம்பிச் சியாட்டிலுக்கே திரும்பும் கப்பல் நடுவே ஓர் அந்நியத் துறையைத் தொட்டாக வேண்டும். பெரும்பாலானவை அந்தக் கடமையைக் கடைசி மாலையில் கனடாவின் விக்டோரியாவில் தீர்த்துக்கொள்கின்றன. விக்டோரியாவிலிருந்து சியாட்டிலுக்கு எழுபது எண்பது கடல் மைல்தான். நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும் கப்பல், போர்ட் ஏஞ்சலஸ் அருகே பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியில் வழிகாட்டும் பைலட்டை ஏற்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல் விடிகாலை ஐந்து, ஆறு மணிக்குத் துறை சேர்ந்துவிடும். முந்தைய நாட்களில் ஏதாவது தாமதமாகியிருந்தால் விக்டோரியாவில் நிற்கும் நேரம் அதை விழுங்கிக்கொள்ளும். கோடைக் கடைசியில் மூடுபனியும் எப்போதாவது இயந்திரக் கோளாறும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் சியாட்டிலுக்கு வந்து சேரும் கடைசிப் பகுதி, கடற்பயணங்களில் நம்பத் தகுந்த பகுதிகளில் ஒன்று.

கப்பல் துறையில் கட்டப்பட்டுவிட்டது என்பதாலேயே நாம் இறங்கிவிட்டோம் என்று ஆகாது. இங்கேதான் முதல் கணக்குப் பிசகுகிறது. விக்டோரியாவைத் தொட்டு வந்ததால் அந்தக் கப்பல் வெளிநாட்டிலிருந்து வருகிற கப்பல். எல்லைக் காவல் அதிகாரிகள் அனுமதி கொடுத்த பிறகுதான் பயணிகளை இறக்க முடியும். முதல் ஆள் படியிறங்கும்போது சாதாரணமாக 7 மணி, 7.30 ஆகியிருக்கும். முதலில் இறங்குகிறவர்கள் தங்கள் பெட்டிகளைத் தாங்களே இழுத்துக்கொண்டு போக ஒப்புக்கொண்டவர்கள். மற்றவர்கள் முந்தின இரவே பெட்டியை அறை வாசலில் வைத்துவிடுவார்கள். அது இரும்புக் கூண்டுகளில் ஏறி, ஃபோர்க்லிஃப்டில் இறங்கி, முனையக் கூடத்தில் கட்டிய சீட்டின் நிறவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். அவரவர் நிறம் கூப்பிடப்படும்வரை காத்திருக்க வேண்டும். கடைசி நிறம் இறங்கும்போது 9 மணி, 9.30 ஆகிவிடும். அன்று பிற்பகலே அடுத்த பயணத்துக்குக் கிளம்ப வேண்டிய கப்பல் என்பதால் எல்லோரையும் இறக்கிவிடக் கப்பல்காரர்களுக்கும் அவசரம் உண்டு. அது நமக்குச் சாதகம். முகத்தைக் கேமராவில் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை வந்தபின் சோதனை வரிசை முன்பைவிட வேகமாக நகர்கிறது என்பதும் உண்மை. ஆனால் இந்தியக் கடவுச்சீட்டோடு நிற்கிறவரிடம் அதிகாரி விசாவைப் புரட்டி இரண்டு கேள்வி கேட்டால் அந்த வேகம் அங்கேயே நின்றுவிடும். சியாட்டில் வட்டாரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து, அப்படியே அலாஸ்காவும் போய்வரும் நம் பெற்றோர் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, எந்தத் துறை என்பது. சியாட்டிலில் உல்லாசக் கப்பல் முனையங்கள் இரண்டு. பெல் ஸ்ட்ரீட் முனையம் என்னும் பியர் 66 நகர மையத்தை ஒட்டிய கடற்கரையில் இருக்கிறது. நார்வேஜியன் கம்பெனியின் கப்பல்கள் பெரும்பாலும் அங்கேதான் வரும். அங்கிருந்து கிங் ஸ்ட்ரீட் நிலையம் இரண்டரைக் கிலோமீட்டர். பெரிய பெட்டி இல்லாதவர் நடந்தே போகலாம். ஸ்மித் கோவ் பகுதியிலுள்ள பியர் 91, 2009இல் திறந்தது. ஹாலண்ட் அமெரிக்கா, பிரின்சஸ், ராயல் கரீபியன், செலிப்ரிட்டி, கார்னிவல் என்று பெரும்பாலானவை அங்கே. அங்கே இரண்டு கப்பல்கள் ஒரே நேரத்தில் நிற்கும். நிலையத்துக்கு ஆறேழு கிலோமீட்டர். பக்கத்தில் மெட்ரோ ரயில் கிடையாது. பேருந்து எலியட் அவென்யூவில் போகிறது, பெட்டியோடு அதுவரை நடப்பது முதியவர்களுக்கு ஆகாது. ஆக, டாக்ஸிதான். ஒரு கப்பலுக்கு மூவாயிரம், நாலாயிரம் பேர் என்றால், சனிக்கிழமை காலை பியர் 91இல் டாக்ஸி வரிசை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த ரயில் என்று கேட்பதற்கு முன் எந்தத் துறை என்று கேட்காமல் ஆலோசனை சொல்கிறவரை நம்பாதீர்கள்.

இப்போது காலை ரயிலை எடுத்துக்கொள்வோம். கப்பல் 6 மணிக்கு, ரயில் 9.50க்கு, நடுவே மூன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்பார்கள். அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், 6 முதல் 7.15 வரை கப்பலுக்குள்ளேயே போய்விடுகிறது. பெட்டியைத் தாமே இழுத்துக்கொண்டு முதல் அலையில் இறங்கியவருக்குப் படி, சோதனை, வெளிவாசல் எல்லாம் முடிய 7.45. பியர் 91இல் டாக்ஸிக்குக் காத்திருந்து, நகருக்குள் போய் இறங்க 8.30, நெரிசலான நாளானால் 9. கூட எடுத்துச் செல்ல முடியாத பெட்டியை ரயிலின் லக்கேஜ் பெட்டியில் அனுப்புவதானால் புறப்பாட்டுக்கு 45 நிமிடம் முன்பே, அதாவது 9.05க்குள் ஒப்படைத்தாக வேண்டும். ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தால் கையில் மிஞ்சுவது அரை மணி. சற்றுப் பிசகினால் ஒன்றுமில்லை. பியர் 66 என்றால் இன்னும் அரை மணி கூடுதலாகக் கிடைக்கும். அதோடு, பெட்டியை முந்தின இரவு வாசலில் வைத்துவிட்டவருக்கு இந்தக் கணக்கு எதுவுமே பொருந்தாது. அவர் 9 மணிக்கு முனையக் கூடத்தில் தன் நீலப் பெட்டியைத் தேடிக்கொண்டிருப்பார்.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு; அதை அடிக்கடி கேட்கலாம். அமெரிக்க ரயில்கள் எப்போதும் தாமதம்தானே, ஐந்து பத்து நிமிடம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். இந்த வாதத்தை முற்றாக நிராகரிக்கிறேன். ஆம்ட்ராக்கின் நெடுந்தூர ரயில்கள் பெரும்பாலும் சரக்கு ரயில் கம்பெனிகளின் தண்டவாளத்தில் ஓடுகின்றன. நடு வழியில் சரக்கு வண்டிக்கு ஒதுங்கி நின்று தாமதமாகின்றன. அந்தத் தாமதமெல்லாம் வழியில் சேர்வது. சியாட்டில் கோஸ்ட் ஸ்டார்லைட்டின் புறப்பாட்டு நிலையம். முந்தின இரவே வந்து சேர்ந்த பெட்டிகள் இரவெல்லாம் கழுவித் துடைத்து, காலையில் தயாராக நிற்கும். அது சரியாக நேரத்துக்குக் கிளம்பும்; கதவுகள் அதற்கும் சற்று முன்பே மூடும். ரயில் தாமதமாகும் என்பது சாக்ரமெண்டோவில் ஏறுகிறவருக்கு உதவலாம். சியாட்டிலில் ஏறுகிறவருக்கு உதவாது.

தவறவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் உண்மையான தராசு. நாளுக்கு ஒரு ரயில் என்பதால் அடுத்தது மறுநாள் காலை. கோடையில் அதில் படுக்கை அறை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் கடைசி நேரக் கட்டணம். முன்கூட்டி ரத்து செய்யாமல் ஏறாமல் போனால், ஆம்ட்ராக் அந்த முன்பதிவில் மிச்சமிருக்கும் பயணங்களையும் சேர்த்து ரத்துசெய்துவிடும். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து மேலே எங்காவது போகும் இணைப்பு ரயிலும் அதோடு போகும். டிக்கெட்டின் மதிப்பை இழக்கவும் நேரும். ஒரே டிக்கெட்டில் ஒரு ரயிலிலிருந்து இன்னொரு ரயிலுக்கு மாறும்போது முதல் ரயில் தாமதமானால் ஆம்ட்ராக் பொறுப்பேற்று மாற்று ஏற்பாடு செய்யும். கப்பலிலிருந்து ரயிலுக்கு மாறுவதில் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. கப்பல் கம்பெனியைப் பொறுத்தவரை நம் பயணம் துறையில் முடிந்துவிட்டது. ஆம்ட்ராக்கைப் பொறுத்தவரை அது நிலையத்தில்தான் தொடங்குகிறது. எல்லாம் நன்றாக நடந்தால் கிடைக்கும் லாபம் ஓர் இரவு ஓட்டல் வாடகை. பிசகினால் அந்த வாடகையோடு மேலே சொன்ன அத்தனையும், கோடை வார இறுதியின் சியாட்டில் விலையில்.

பிடித்தவர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள், பொய் சொல்லவில்லை. பியர் 66இல் இறங்கி, தோள்பை மட்டும் மாட்டிக்கொண்டு, எட்டேகாலுக்கு நிலைய வாசலில் நின்றவர்கள் உண்டு. ஆனால் வெற்றிக் கதையைச் சொல்கிறவர்கள் எப்போதும் பத்து பேர், தோல்வியைச் சொல்கிறவர் ஒருவரும் இல்லை. தவறவிட்டவர் பணத்தைக் கட்டிவிட்டு அமைதியாக வீடு போய்ச் சேருகிறார். இன்னொரு யோசனையும் சொல்கிறார்கள்: தவறவிட்டால் வாடகைக் காரில் விரட்டிப் போர்ட்லாந்தில் பிடித்துவிடலாம். தூரம் ஏறத்தாழ 280 கிலோமீட்டர், சாலை காலியாக இருந்தால் மூன்று மணி நேரம். ரயிலோ பிற்பகல் 2 மணிக்கு மேல்தான் போர்ட்லாந்தை விட்டுக் கிளம்புகிறது. கணக்கு ஒத்துவருவதுபோலத் தோன்றும். டகோமா, ஒலிம்பியா நெரிசலைத் தெரிந்தவர்கள் அதை நம்ப மாட்டார்கள். அதைவிட முக்கியமானது, ரயில் சியாட்டிலைவிட்டுக் கிளம்புமுன் ஏறும் இடத்தை மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் காரில் போய்ச் சேரும் இடத்தில் நமக்கென்று டிக்கெட்டே இருக்காது. விடுமுறையின் கடைசி நாளை இப்படி ஐ-5 நெடுஞ்சாலையில் வியர்த்துக்கொண்டு கழிப்பதற்கா ரயிலைத் தேர்ந்தெடுத்தோம்?

ஆகவே கோஸ்ட் ஸ்டார்லைட்டை இறங்கிய அன்றே பிடிக்க வேண்டாம். பியர் 91இலிருந்து கூடவே கூடாது. பியர் 66இலிருந்து முடியும், ஆனாலும் தகாது. அதற்காகச் சியாட்டிலில் முழு நாள் காத்துக் கிடக்க வேண்டும் என்பதும் இல்லை. இங்கே பலர் யோசிக்காத நல்ல வழி ஒன்று இருக்கிறது. சியாட்டிலுக்கும் போர்ட்லாந்துக்கும் இடையே காஸ்கேட்ஸ் என்னும் பகல்நேர ரயில்கள் ஓடுகின்றன. 2023 டிசம்பரிலிருந்து நாளொன்றுக்கு ஆறு. ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்தது உண்டு, பயணம் மூன்றரை மணி நேரம். பிற்பகலில் ஏறி மாலையில் போர்ட்லாந்து போய், அங்கே இரவு தங்கி, மறுநாள் பிற்பகலில் கோஸ்ட் ஸ்டார்லைட்டில் அங்கேயே ஏறலாம். நிலையம் 1896இல் கட்டப்பட்ட அழகான கட்டடம், ஊர் மையத்திலேயே இருக்கிறது. இரண்டு ரயில்களும் அந்தத் தூரத்தில் ஒரே பாதையில்தான் ஓடுகின்றன என்பதால் காட்சியில் எதையும் இழக்கவில்லை. டகோமாவுக்குத் தெற்கே கடலோரப் பழைய பாதையை விட்டு 2021 நவம்பரில் இரண்டுமே உள்பாதைக்கு மாறிவிட்டன. ஸ்டார்லைட்டின் சிறப்பான மலையேற்றம் ஓரிகனில், வில்லமெட் கணவாயில், கோடை மாலை வெளிச்சத்தில் வருகிறது. அதை முழுதாகப் பார்க்கலாம். போர்ட்லாந்து வரைக்கும்தான் போக வேண்டும் என்பவருக்கு ஸ்டார்லைட் தேவையே இல்லை.

மாலை ரயிலுக்கு வருவோம். எம்பயர் பில்டரை அன்றே பிடிப்பது பற்றி எனக்குத் தயக்கமே இல்லை. கடைசி நிறத்தில், 9.30க்கு இறங்கினாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. கப்பல் மூன்று மணி நேரம் தாமதமானாலும் தாங்கும். சோதனை வரிசை, டாக்ஸி, பெட்டி என்று ஒவ்வொன்றும் தனித்தனியே பிசகினாலும் தாங்கும். "ஒருநாள் தங்கிவிடுங்கள்" என்ற எச்சரிக்கைப் பதில் இங்கே தேவையற்ற செலவு. எச்சரிக்கைக்கும் விலை உண்டு. அந்த விலைக்கு என்ன வாங்குகிறோம் என்று கேட்க வேண்டாமா? சியாட்டிலைச் சுற்றிப் பார்க்க விரும்பினால் தங்கலாம். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், கப்பலிலேயே உடம்பு முடியாமல் போனவர்கள் ஓய்வுக்காகத் தங்கலாம். ரயிலைத் தவறவிடுவோம் என்ற பயத்துக்காகத் தங்க வேண்டியதில்லை.

நடுவில் இருக்கும் பகல்பொழுதைப் பாரமாக நினைப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நேரே நிலையத்துக்குப் போய்ப் பெட்டிகளை லக்கேஜில் போட்டுவிட்டால் கை வீசிக்கொண்டு நடக்கலாம். கிங் ஸ்ட்ரீட் நிலையமே பார்க்கத் தக்கது. 1906இல் திறந்தது, வெனிஸின் புனித மார்க் மணிக்கூண்டைப் பார்த்துக் கட்டிய கோபுரம். பல பத்தாண்டுகள் தாழ்வான பொய்க்கூரைக்கு மேலே மறைந்துகிடந்த வெண்சாந்து வேலைப்பாடு, நகராட்சி அதை வாங்கிப் புதுப்பித்தபின் 2013இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. சில நிமிட நடையில் பயனியர் சதுக்கம். அங்கே க்ளான்டைக் தங்க வேட்டைக்கான தேசிய வரலாற்றுப் பூங்காவின் சியாட்டில் பகுதி இருக்கிறது. அதன் மற்றொரு பகுதி அலாஸ்காவின் ஸ்கேக்வேயில். 1897 ஜூலையில் போர்ட்லாந்து என்ற நீராவிக் கப்பல் தங்கத்தோடு சியாட்டிலில் வந்து நின்றது முதல் வடக்கே ஓடிய கூட்டத்தின் கதை அது. நான்கைந்து நாள் முன்பு ஸ்கேக்வேயில் அந்தக் கதையின் பின்பாதியைக் கேட்டு வந்தவருக்கு முன்பாதி இங்கே கிடைக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. நிலையத்தின் மறுபக்கம் சைனா டவுன், நல்ல சாப்பாடு.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நிலையத்துக்குத் தெற்கே அடுத்தடுத்து இரண்டு பெரிய விளையாட்டு அரங்குகள். வார இறுதியில் பேஸ்பால் ஆட்டமோ கால்பந்தோ இருந்தால் அந்த வட்டாரம் முழுவதும் வண்டிகள் நகராது. ஆட்ட நாளில் கடற்கரைப் பக்கம் சுற்றப் போனவர் நாலரைக்கு டாக்ஸியை நம்பினால், ஏழு மணி நேரத்தையும் வீணாக்கிவிட்டுக் கடைசியில் ஓட வேண்டியிருக்கும். பகலில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்துக்குள்ளேயே இருந்துவிடுவது நல்லது. இன்னொன்று, மேற்கே வரும் எம்பயர் பில்டர் அன்று நண்பகலை ஒட்டித்தான் சியாட்டில் சேர்ந்து, அதே பெட்டிகளோடு மாலையில் திரும்புகிறது. அது பல மணி நேரம் தாமதமாக வந்தால் மாலைப் புறப்பாடும் தள்ளிப்போகும். இந்தத் தாமதம் எரிச்சல் தரலாம், ஆனால் கப்பலிலிருந்து வருகிறவருக்கு அதனால் ரயில் தவறாது. மாலையில் காஸ்கேட் சுரங்கத்தைத் தாண்டி, மறுநாள் காலை க்ளேசியர் மலைகளைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வைக்கும் ரயில் இது. பனியாறுகளைப் பார்த்துத் திரும்பும் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொடர்ச்சி வேறில்லை.

ஒப்பிடுவதற்கு வான்கூவர். சில அலாஸ்காக் கப்பல்கள் பயணத்தை அங்கே முடிக்கின்றன. கனடா ப்ளேஸ் துறையில் இறங்கிப் பக்கத்து வாட்டர்ஃப்ரன்ட் நிலையத்தில் ஸ்கைட்ரெயின் ஏறினால் நான்காவது நிறுத்தத்தில் இறங்கிப் பசிபிக் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நடந்துவிடலாம். டாக்ஸி வரிசையே தேவையில்லை. டொராண்டோவுக்கு நாலு இரவு ஓடும் தி கனேடியன், அண்மை ஆண்டுகளில் பிற்பகல் 3 மணிக்குத்தான் புறப்படுகிறது. நேரமும் இடமும் சியாட்டிலைவிட எளிது, கிழமைதான் சிக்கல். அது வாரத்தில் திங்களும் வெள்ளியும் மட்டுமே கிளம்புகிறது. அங்கே கேட்க வேண்டியது கப்பல் எந்தக் கிழமை முடிகிறது என்பது. இரண்டும் பொருந்தினால் அன்றே ஏறலாம். வான்கூவரிலிருந்து சியாட்டிலுக்குப் போகும் காலை ரயில் விடிகாலையில் கிளம்புவது. அது கப்பல் பயணிக்குக் கிடைக்கவே கிடைக்காது. மாலை ரயிலுக்கே டிக்கெட் வாங்க வேண்டும்.

சியாட்டிலின் சிக்கலைப் பயணியின் சாமர்த்தியத்தால் மட்டும் தீர்க்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. துறைக்கும் நிலையத்துக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளி இயற்கையாக உண்டானதன்று. இன்று பியர் 91 இருக்கும் ஸ்மித் கோவ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் துறையாக இருந்தது. அந்த ரயில்வேயைச் சியாட்டில் வரை கொண்டுவந்த ஜேம்ஸ் ஹில், ஜப்பானோடு வணிகம் செய்ய மினசோட்டா, டகோடா என்ற இரண்டு பெருங்கப்பல்களைக் கட்டுவித்து ஓட்டினார். டகோடா 1907இல் ஜப்பான் கரையருகே பாறையில் மோதி அழிந்தது. திட்டம் லாபகரமாக நீடிக்கவில்லை. ஆனால் கப்பலும் தண்டவாளமும் ஒரே கையில் இருந்ததால் நடுவே யாருக்கும் பொறுப்பில்லாத இடைவெளி எதுவும் கிடையாது. பின்னாட்களில் ஜப்பானியப் பட்டுப் பொதிகள் கப்பலிலிருந்து இறங்கியதும் தனி ரயிலில் ஏறிக் கிழக்கே பறந்தன. பயணி ரயில்களே அவற்றுக்கு ஒதுங்கி வழிவிட்டன. நம் பக்கத்திலும் போட் மெயில் இருந்தது. 1914 முதல் 1964 புயல் வரை, சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னார் வரை கப்பல், அங்கிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில். இன்றைய எம்பயர் பில்டருக்குப் பெயர் வந்ததே ஹில்லின் பட்டப்பெயரால்தான். ஹில்லின் கப்பல்கள் நின்ற துறையின் பக்கமாகத்தான் அது மாலையில் வடக்கு நோக்கிப் போகிறது. பயணி மட்டும் அந்தத் துறையிலிருந்து ஊரின் மறுகோடிக்கு டாக்ஸியில் வந்து, பிறகு ரயிலேறி, இறங்கிய இடத்தைக் கடந்தே போக வேண்டியிருக்கிறது.

துறையை நடத்துவது மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆணையர்களைக் கொண்ட சியாட்டில் துறைமுகம், ஒரு பொது அமைப்பு. நிலையம் நகராட்சியின் சொத்து. ஆம்ட்ராக்கும் பொதுப் பணத்தில் ஓடுவது. மூன்றுமே பொது, ஆனால் மூன்றுக்கும் நடுவே உள்ள ஆறேழு கிலோமீட்டருக்கு யாரும் பொறுப்பில்லை. இதில் துறைமுகத்தின் மீது எனக்குக் குறையும் மரியாதையும் இரண்டுமே உண்டு. போர்ட் வாலெட் என்று ஒரு நல்ல சேவையை அது நடத்துகிறது. பங்கேற்கும் விமான கம்பெனிகளின் பயணிகள் கப்பலிலேயே பெட்டியை ஒப்படைத்துவிட்டால், கட்டணமில்லாமல் அது விமான நிலையத்துக்குப் போய்ச் சேரும். வெறுங்கையோடு ஊரைச் சுற்றலாம். விமானத்துக்குச் செய்ய முடிந்ததை ரயிலுக்குச் செய்ய முடியாதா? காலை ரயிலுக்கு நேரம் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாலை ரயிலுக்கும் பிற்பகல் காஸ்கேட்ஸுக்கும் பெட்டிகளைக் கப்பலிலிருந்து எடுத்து நிலைய லக்கேஜ் கவுண்டரில் சேர்க்க அரை நாள் கிடக்கிறது. முழங்கால் வலியோடு இரண்டு பெரிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு டாக்ஸி வரிசையில் நிற்கும் முதியவருக்கு ரயிலா விமானமா என்று முடிவெடுக்க வைப்பது பெரும்பாலும் இந்த ஒன்றுதான். துறையிலிருந்து விமான நிலையத்துக்குத் தெற்கே பெட்டிகளை ஏற்றிப் போகும் வண்டிக்கு, கிங் ஸ்ட்ரீட் பெரிய சுற்றும் இல்லை.